டீசல் ஜெனரேட்டர் எழவில்லையா? ஸ்பேனரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

காட்பாடி பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி முகூர்த்தம், விடியற்காலை நாலரை மணி, கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் எழவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் மண்டபத்துப் பையன் நாசிலுக்கு (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை) போகும் பைப் மூன்றையும் கழற்றிக் கீழே வைத்திருந்தான். தரையெல்லாம் டீசல். "இன்னா பண்ணாலும் எழுந்துக்க மாட்டேங்குதுண்ணா" என்றான். செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், சுற்றுகிறதா என்று கேட்டேன். சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லையாம். சத்தமே வராத இன்ஜினுக்கு நாசில் பைப்பை எதற்கப்பா கழற்றினாய்? கேனோபியை (ஜெனரேட்டரை மூடிய கூண்டு) சுற்றி வந்து பார்த்தால், முந்தின ராத்திரி ரிசப்ஷன் முடிந்து அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றின் கால் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திக்கொண்டு நிற்கிறது. நாற்காலியை நகர்த்தி பட்டனைத் திருகி விட்டது ஒரு நொடி வேலை, கழற்றிய பைப்பை மாட்டி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றி 'ஏர் எடுத்தது'தான் இருபது நிமிஷம். அதற்குள் தாலி கட்டி முடித்துவிட்டார்கள். மைக் இல்லாததில் நாதஸ்வரக்காரருக்கு மட்டும் நிம்மதி.

மண்டபத்துக்கும் திருவிழாவுக்கும் ஜெனரேட்டர் செட் ஓட்டுகிறவன் என்பதால் இந்த மாதிரி நிறையப் பார்த்தாயிற்று. ஸ்டார்ட் ஆகாத இன்ஜின் தன் கோளாறைத் தானே சொல்லும். சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் ஒன்று, சைலன்சரில் வரும் புகை ஒன்று. இந்த இரண்டையும் கவனித்த பிறகுதான் எந்த நட்டில் கை வைப்பது என்று யோசிக்க வேண்டும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்த அழுத்த அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே இன்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், டீசல் வர வேண்டும், காற்று உள்ளே போக வேண்டும், போன காற்று கசியாமல் அழுந்த வேண்டும். இந்த நாலில் ஒன்று குறைகிறது, எது என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் கையும் உயிரும்

செட்டில் ஏ.எம்.எஃப். பேனல் (கரண்ட் போனால் செட்டைத் தானாக ஸ்டார்ட் செய்வது) இருந்தால் ஆட்டோவில் விட்டுவிட்டு உள்ளே கை விடாதீர்கள். இ.பி. கரண்ட் ஒரு பேஸ் போனாலும் சில நொடியில் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும், அப்போது உங்கள் விரல் ஃபேன் பெல்ட்டில் இருக்கக் கூடாது. பேனலை ஆஃப் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள், பெல்ட் பக்கம் வேலை என்றால் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளையும் கழற்றுங்கள். லோடு பிரேக்கர் ஆஃபில் இருக்கட்டும். அறைக் கதவு, ஷட்டர் எல்லாம் திறந்திருக்கட்டும், ஏனென்றால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயக்கம் வந்த பிறகுதான் தெரியும்.

காசு செலவில்லாத ஐந்து நிமிஷம்

எமர்ஜென்சி பட்டன். சொல்லிவிட்டேன். சில செட்டில் கேனோபிக்கு வெளியே ஒன்றும் பேனலில் ஒன்றுமாக இரண்டு இருக்கும், இரண்டையும் பாருங்கள். பேட்டரி ஐசோலேட்டர் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா? டீசல் காக் திறந்திருக்கிறதா? டேங்க்கில் டீசல் எவ்வளவு என்பதற்கு கேஜை நம்ப வேண்டாம், சுத்தமான குச்சி ஒன்றை விட்டுப் பாருங்கள். குச்சியில் அரை அங்குலம்தான் நனைகிறது என்றால் கோளாறு கண்டுபிடித்தாயிற்று, ஏனென்றால் டேங்க் அடியில் குழாய் வாய் சற்று உயரத்தில்தான் இருக்கும், அதற்குக் கீழே உள்ள டீசல் கணக்கில் சேராது.

அப்புறம் கன்ட்ரோலர் திரை. ஆயில் பிரஷர் குறைவு, சூடு அதிகம், ஸ்டார்ட் தோல்வி என்று ஏதாவது அலாரம் நின்றால் அதை ரீசெட் செய்யும் வரை பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் செல்ஃப் எடுக்காது. ஆனால் ரீசெட் செய்யும் முன் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள், ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள் (இன்ஜின் ஆறியிருந்தால் மட்டும், சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும்). அளவெல்லாம் சரியாக இருந்தும் அலாரம் திரும்பத் திரும்ப வருகிறதா, சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டும் வித்தை மட்டும் வேண்டாம். அப்படி ஓட்டி பேரிங் பிடித்துக்கொண்ட இன்ஜின் ஒன்றைப் பார்த்திருக்கிறேன், பழுது பார்த்த காசில் பழைய செட் ஒன்றே வாங்கியிருக்கலாம்.

ஆயில் குச்சியில் இன்னும் இரண்டு விஷயம் தெரியும். ஆயில் காபி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மேல் கோட்டைத் தாண்டி ஏறி, டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்கியிருக்கிறது. இரண்டிலும் ஸ்டார்ட் பண்ணும் ஆசையை விட்டுவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

சாவியைத் திருப்புங்கள், காது கொடுங்கள்

ஒன்றுமே இல்லை, பேனல் விளக்குகூட எரியவில்லை என்றால் பேட்டரி முழுசாக இறங்கிவிட்டது, அல்லது டெர்மினல், ஃபியூஸ், ஐசோலேட்டர். விளக்கு எரிகிறது, செல்ஃப் மட்டும் வாய் திறக்கவில்லை என்றால் எமர்ஜென்சி, அலாரம், சாவி சுவிட்ச், செல்ஃப் ரிலே. எலி ஒயரைக் கடித்திருக்கவும் வாய்ப்பு உண்டு, அதுவும் மண்டபத்தில் சமையல்கட்டுக்குப் பின்னால் செட் நிற்கிறது என்றால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

டக் டக் டக் என்று வேகமாக அடித்தால் பேட்டரிக்கு வலு இல்லை அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' கேட்டு நின்றுவிட்டால் செல்ஃபின் சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), கார்பன் பிரஷ், இல்லையென்றால் இன்ஜினே இறுகியிருக்கலாம். இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் மறுபடியும் பேட்டரி, கேபிள், எர்த். நல்ல வேகத்தில் சுற்றியும் பற்றவில்லை என்றால் மட்டும் அடுத்த பகுதிக்குப் போங்கள்.

பேட்டரிக்கு மல்டிமீட்டர் இருந்தால் வாதமே இல்லை. 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டினால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.0 என்றால் ஏறக்குறைய காலி. ஆனால் சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளையாக 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 8க்கு விழும் பேட்டரிகள் உண்டு. எனவே ஒருவர் சாவியைத் திருப்ப, நீங்கள் மீட்டரைப் பாருங்கள். 9.6க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பேட்டரியில்தான் கோளாறு. பத்துக்கு மேலேயே நின்றும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் கோளாறு வழியில் இருக்கிறது, அதாவது கேபிள், டெர்மினல், எர்த் பட்டை, சோலனாய்டு, செல்ஃப். எர்த்தைப் பிடிக்க ஒரு சின்ன வேலை: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் இன்னொன்றை இன்ஜின் உடம்பிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை துருப்பிடித்திருக்கிறது.

டெர்மினலைக் கண்ணால் பார்த்து 'நல்லாத்தான் இருக்கு' என்று சொல்லாதீர்கள். கையால் திருகிப் பாருங்கள், துளி அசைந்தாலும் கழற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் கிளாம்புக்குள் கம்பத்தைச் சுற்றி மெல்லிய கறுப்புப் படலம் ஒன்று இருக்கும், அது போதும் செல்ஃபை நிறுத்த. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றி (செல்லுக்குள் போகாமல்), உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது, பேட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன்.

வேலூர் வெயிலில் பேட்டரித் தண்ணீர் வற்றும் வேகம் ஊருக்கே தெரியும். கத்திரி சமயத்தில் மாதம் ஒரு தடவை பார்த்தால் பத்தாது, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்கள். பிளேட் மூழ்க டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். போர் தண்ணீர், குடிக்கிற கேன் தண்ணீர் எல்லாம் வேண்டாம்.

வேறு வண்டி பேட்டரியிலிருந்து ஜம்பர் போடுவதானால் முதலில் உங்கள் செட் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். பெரிய செட்டுகளில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்றின் பாசிட்டிவ் மற்றதன் நெகட்டிவுக்குப் போனால் 24. பாசிட்டிவோடு பாசிட்டிவ் சேர்ந்திருந்தால் 12தான். கடைசி நெகட்டிவ் கிளிப்பை பேட்டரியில் கடிக்க விடாமல், தள்ளி இன்ஜின் பிளாக்கில் போடுங்கள்.

செல்ஃபை ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு நிமிஷம் விட்டு அடுத்தது. பதற்றத்தில் விடாமல் அடித்து செல்ஃப் காயிலைக் கருக்கியவர்கள் நிறையப் பேர்.

செல்ஃப் 'தொம்' என்று முட்டி நிற்கிறதா

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதே, அந்த மாதிரி சமயத்தில் தாழ்வான இடத்துச் செட்டுக்குள் தண்ணீர் ஏறும். வெள்ளமே வேண்டாம், சைலன்சர் வாயில் மூடித் தகடு உடைந்திருந்தால் ஒரு ராத்திரி மழையே சிலிண்டர் வரை இறங்கும். காற்று அழுந்தும், தண்ணீர் அழுந்தாது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும். எனவே மழைக்குப் பிறகு முட்டி நின்றால் மறுபடி அடிக்காமல், நெகட்டிவைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் நீளமான பிடி போட்டு, ஓடும் திசையில் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். ஒரு இடத்தில் கல்லில் முட்டிய மாதிரி நின்றால் நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும், ஆயிலும் மாற்ற வேண்டும். அது மெக்கானிக் வேலை.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை: புகையைப் பாருங்கள்

ஒருவர் செல்ஃப் அடிக்க, இன்னொருவர் சைலன்சர் வாயைப் பார்க்க வேண்டும்.

கறுப்புப் புகை வந்தால் டீசல் போகிறது, காற்று போகவில்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கல்குவாரி பக்கம் ஓடும் செட்டில் அது செங்கல் மாதிரி கனக்கும், சும்மா நின்ற செட்டில் எலிக்கூடு இருக்கும். பழைய செட்டில் காற்றை ஆயில் கிண்ணம் வழியாக இழுக்கும் ஆயில் பாத் வகை என்றால் கிண்ணத்தில் சேறு.

வெள்ளைப் புகை குப்குப்பென்று வந்து கண் எரிந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. டீசலில் தண்ணீர், செல்ஃப் வேகம் குறைவு, நாசில் ஒழுகல், வால்வு கிளியரன்ஸ், கம்ப்ரஷன் குறைவு, இதில் எதுவாகவும் இருக்கலாம். குளிரால் பற்றவில்லை என்பது மலை ஊர்க்காரர்களுக்கு, நமக்குப் பெரும்பாலும் அந்தச் சாக்கு கிடையாது. முதலில் வாட்டர் செப்பரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். ஐந்து நிமிஷம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. நான் பார்க்கிறதில் அதிகம் இதுதான்.

இதில் முதல் சந்தேகம் ஸ்டாப் சோலனாய்டு, அதாவது டீசல் வழியைத் திறந்து மூடும் மின்காந்தம். சாவியை ஆன் செய்ததும் பம்ப் பக்கத்திலிருந்து சின்னதாக ஒரு 'டிக்' கேட்கும், லீவர் அசைவதும் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலான செட்டில் கரண்ட் வந்தால்தான் டீசல் வழி திறக்கும், ஒயர் விட்டுப்போனால் டீசல் அடைபட்டே கிடக்கும். சிலதில் நேர்மாறு, கரண்ட் வந்தால் மூடும். எந்த வகை என்று உங்கள் மேனுவலில் இருக்கும். லீவர் பாதியில் சிக்கியிருந்தால் துடைத்து ஒரு சொட்டு ஆயில்.

இரண்டாவது அடைப்பு. டேங்க் வலை, பைப், ஃபில்டர். மாதக்கணக்கில் நின்ற டீசலில் தண்ணீர் சேரும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்பாக வழவழவென்று ஒன்று உண்டாகும், அது ஃபில்டரை மெழுகு பூசின மாதிரி அடைத்துவிடும். ஃபில்டரை அறுத்துப் பார்த்தால் தெரியும், தொட்டால் விரலில் இழுபடும்.

மூன்றாவது ஏர் லாக். டீசல் தீர்ந்து நின்றாலோ, ஃபில்டர் மாற்றினாலோ, எங்காவது வாஷர் காற்றை இழுத்தாலோ லைனுக்குள் காற்று நிற்கும். காற்று குமிழி அழுந்துமே தவிர நாசிலைத் திறக்காது. ஏர் எடுக்கும் முறை இது.

டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றுங்கள். ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, கீழே பனியன் வேஸ்ட் வைத்து, ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அடியுங்கள். முதலில் வெறும் காற்று புஸ்ஸென்று வரும், பிறகு சோடா மாதிரி நுரை, பிறகு குமிழி விட்டு விட்டு, கடைசியில் நூல் மாதிரி டீசல். ஒரு குமிழிகூட இல்லை என்று ஆன பிறகும் பத்து அடி அடித்து, டீசல் வழியும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஏர் திருகுக்கும் இதே வேலை. லொடலொடவென்று இருந்த பிரைமர் இப்போது கையில் கெட்டியாக எதிர்க்கும், அந்தக் கெட்டிதான் அடையாளம். எத்தனை அடித்தும் நுரை நிற்கவில்லையா, டேங்க்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. பழைய காப்பர் வாஷரையும் வெடித்த ரப்பர் ஹோஸையும் தேடுங்கள்.

இதற்கு மேலும் எழவில்லை என்றால், பழைய வகை பம்ப் செட்டில் மட்டும், நாசில் பக்கம் பைப் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி செல்ஃப் அடியுங்கள். குதித்துக் குதித்து டீசல் வந்ததும் இறுக்குங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கசிவை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம், நாசில் திறப்பது சுமார் 200 பாரில். அந்தப் பீய்ச்சல் தோலைத் துளைத்து டீசலை உள்ளே ஏற்றும், அப்படி ஆகிவிட்டால் வலி இல்லையே என்று வீட்டில் உட்காராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புது மாசு விதிப்படி தயாரான செட்டுகளில் பல காமன் ரெயில் வகை, எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசல் நிற்கும். அதில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பைப் நட்டைத் தளர்த்தும் பேச்சுக்கே இடமில்லை.

ஹேண்டில் போடும் ஒற்றை சிலிண்டர்

குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் கிணற்றடியில் இன்னும் 5 ஹெச்.பி. இன்ஜின்கள் இருக்கின்றன, அதில் ஆல்டர்னேட்டர் மாட்டி ஓட்டுகிறவர்களும் உண்டு. இதில் பேட்டரித் தொல்லையே கிடையாது. டீகம்ப்ரஷன் லீவரை (வால்வைத் திறந்து வைத்து அழுத்தத்தை விடுவிப்பது) தூக்கிவிட்டு மெதுவாகச் சுற்றினால், ஒவ்வொரு இரண்டு சுற்றுக்கும் நாசில் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். அந்தக் கிர்ர் கேட்டால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது. கேட்கவில்லை என்றால் ஏர் எடுங்கள். கிர்ர் கேட்டும், லீவரை விட்டதும் ஹேண்டில் எதிர்ப்பே இல்லாமல் சுற்றினால் கம்ப்ரஷன் போய்விட்டது, வால்வு அல்லது ரிங். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நாலு விரலும் ஒரே பக்கம் இருக்கட்டும். எதிர்த்து உதைத்தால் கை வழுக்கி வந்துவிடும், இல்லையென்றால் மணிக்கட்டு போய்விடும்.

எழுகிறது, இரண்டு நிமிஷத்தில் நிற்கிறது

டேங்க் மூடியைத் திறந்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது என்றால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படியும் நின்றால் ஃபில்டர், இல்லையென்றால் மறுபடி ஏர். காலையில் உடனே எழுந்து, மதியம் சூட்டில் நிறுத்தினால் மட்டும் எழ மறுக்கும் செட்டுக்கு பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தேய்ந்திருக்கும். சூட்டில் டீசல் இளகி தேய்ந்த இடைவெளியில் கசிந்துவிடும், கத்திரியில் இந்தப் புகார் கூடும். ஈரத்துணி போட்டுப் பம்பை ஆற்றினால் எழும், ஆனால் அது அன்றைய முகூர்த்தத்தை ஓட்ட மட்டும்தான். பம்ப்பைக் கழற்றி சர்வீஸுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஏர் ஃபில்டரில் பெட்ரோல் நனைத்த துணி காட்டுவது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது இரண்டும் வேண்டாம். நேரம் தவறிப் பற்றினால் பிஸ்டனே உடையும், உள்ளே போகும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள இன்ஜினில் தீயே பிடிக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

"செட் எழவில்லை, சீக்கிரம் வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, பொருள் வாங்க மறுபடி டவுனுக்குப் போவார். இன்ஜின் மேக், மாடல், எத்தனை கே.வி.ஏ., பேட்டரி 12ஆ 24ஆ, செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட்டுக்கு இறங்கியது, என்ன சத்தம், என்ன நிறப் புகை, கடைசியாக ஃபில்டர் மாற்றியது எப்போது, இதுவரை எதையெல்லாம் கழற்றினீர்கள் என்று சொல்லுங்கள். கடைசிக் கேள்விக்கு மட்டும் பொய் சொல்லாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர் வாயை அரை நிமிஷம் வீடியோ எடுத்து, சத்தமும் பதிவாகும்படி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் எந்த ஃபில்டர், எந்த வாஷர் எடுத்து வருவது என்று அங்கிருந்தே அவருக்குத் தெரிந்துவிடும்.